கப்பலில் யாவரும் சுகம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டேன். இங்கே சுகம் இல்லை.

ஏழு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வந்த வேலைக்கு என் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிப்போய், அந்த வேலையை உனக்கே முடித்துக்கொண்டு கப்பலேறியவன் நீ. அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. இது வேறு விஷயம்.

ஜனவரி ஆறாம் தேதி உங்கள் கம்பெனிக் கப்பல் இங்கே நங்கூரம் போட்டது. எல்லாக் கப்பலையும்போல மஞ்சள் கொடி ஏற்றி நின்றது. கப்பலில் நோய் இல்லை என்று எங்கள் சுகாதார ஆபீஸ் முத்திரை குத்தும்வரை அந்தக் கொடி இறங்காது. அது இறங்காமல் ஒரு படகும் கப்பலை அண்டக்கூடாது. நீங்கள் கொடுத்தனுப்பிய சுகாதாரச் சீட்டு என் மேசைக்குத்தான் வந்தது. 'கப்பலில் யாவரும் சுகம்' என்று உன் கையெழுத்தில் இருந்தது. அந்த வாலை நீட்டிய எழுத்தை இன்னொரு நிமிஷம் பார்க்கப் பிடிக்காமல் முத்திரையைக் குத்தித் தள்ளினேன். கொடி இறங்கியது.

முதலில் போனது நம் மாப்பிள்ளையின் சரக்குப் படகு. அவரிடம் பதினான்கு துடுப்புக்காரர்கள் இருந்தார்கள். இப்போது ஐந்து பேர். படகுக்காரர் குடியிருப்பில் மொத்தம் இருபத்து மூன்று பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது.

கப்பல் நான்காம் நாளே கிளம்பிவிட்டது. உங்கள் கம்பெனியின் ஏஜெண்ட் இங்கே சொல்கிறான்: எங்கள் கப்பல் சுத்தம், அதற்குச் சீட்டே சாட்சி. அதே வாரம் வெளித்துறையில் மஞ்சள் கொடியோடு கிடந்த வேறொரு கப்பலுக்குப் படகுத் தலைவன் திருட்டுத்தனமாகப் போய் நோயை வாரிக்கொண்டு வந்தான். இதுதான் அவன் கதை. படகுத் தலைவன் என்றால் நம் மாப்பிள்ளைதான், என் தங்கச்சி புருஷன், உன் அத்தான். இப்போது காவலில் இருக்கிறார். குற்றம் உறுதியானால் பத்து வருஷம் தீவுச் சிறை.

நீ அந்தச் சீட்டு பொய் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அல்லது உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டிசம்பரில் காய்ச்சலோடு கிடந்தவர்களின் பட்டியலை நகலெடுத்து அனுப்பு. வேறெதையும் உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 8

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அங்கே நேர்ந்ததைப் படித்தேன். உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் நெடுநேரம் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆபீஸ் மிகவும் ஒழுங்கானது. வருகிற தபாலும் போகிற தபாலும் மேனேஜர் துரையின் மேசை வழியாகத்தான் போகும். நம் எழுத்தை அவர் இப்போது சரளமாகப் படிக்கிறார். இதையும் படிப்பார்.

நீங்கள் கேட்டதற்கு நான் அந்தக் கப்பலிலேயே பதில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கப்பல் தச்சர் உங்களை வந்து பார்த்திருப்பார். நல்ல மனுஷர். எதையும் நம்பிக் கொடுக்கலாம். அவர் சுகமா?

அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம்.

தங்கள் தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் சுகச் செய்தி கிடைத்தது. அதில் குறைச்சல் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

'கப்பலிலேயே பதில் சொல்லிவிட்டேன்' என்கிறாய். ஆமாம், சொன்னாய். யாவரும் சுகம் என்றாய். அந்தப் பதிலுக்குத்தான் இங்கே இருபத்து மூன்று குழி வெட்டினார்கள். அக்காவை விசாரிப்பதற்கு முன்னால் ஊர் பேர் தெரியாத தச்சனை விசாரிக்கிறாய். அவன் செத்துப்போனான். முதலில் செத்ததே அவன்தான். எங்கள் தெரு விடுதியில் மூன்றாம் நாள் வாயில் நுரையோடு கிடந்தான். விடுதியில் தொற்றிக்கொண்டது என்று உங்கள் ஏஜெண்ட் அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறான்.

தச்சன் செத்த ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கடிதத்தையும் உளியால் இரண்டு இடத்தில் குத்துகிறோம். பிறகு கந்தகப் பெட்டியில் ஒரு மணி நேரம் புகை போட்டுத்தான் வெளியே விடுகிறோம். அது என் வேலை. உன் கடிதத்தையும் நான்தான் குத்தினேன். கொஞ்சம் ஆழமாகவே குத்தினேன்.

இந்த ஊரை நீ மறந்திருப்பாய். கொடி இறங்கினால்தான் இந்தத் தெருவில் உலை ஏறும். அதைப் பார்த்துத்தான் தண்ணீர்ப் படகு நகரும். துணி வெளுக்கிறவள் மூட்டைக்குக் காத்திருப்பாள், விடுதிக்காரி பாயை உதறுவாள், சவரக்காரர் கத்தியைத் தீட்டுவார். ஒரு துணி ஒரு கம்பத்தில் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்தே பிழைக்கிற ஊர் இது. அதனால்தான் அன்று கொடி இறங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். கம்பிக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார்.

"என்ன மச்சான், இன்னைக்கும் புகை போட்டுட்டு நேரா வந்துட்டீங்களா? கந்தகம் இங்க வரைக்கும் அடிக்குது."

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் போடறாங்க. ஒண்ணுதான் புரியல. கொடி இறங்கிச்சு, போனேன். இறக்கினவங்கள விட்டுட்டுப் போனவனப் புடிச்சு வச்சிருக்காங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

கொண்டுபோன பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினேன்.

"இறக்கினது யார்னு நான் கேக்கல மச்சான்" என்றார். "எனக்கே தெரியும்."

அவர் சிரித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. உன் மேல்தான். வேறு யார் மேல் வரும்?

ஒரு வரி கேட்டேன். அதை அனுப்பு.

அண்ணன்


ஏப்ரல் 6

தம்பி,

நீ நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்கு, அதுவே பெரிசு.

அண்ணன் உனக்கு என்னத்த எழுதறார்னு எங்கிட்ட சொல்றதில்ல. எழுதி முடிச்சதும் முகத்தப் பாத்தா யாரையோ அடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு. உனக்கு அவர் எழுதினதே அதிசயம்டா. இத்தன வருஷமா நீ போட்ட கடிதாசி ஒண்ணக்கூட அவர் பிரிச்சதில்ல. உனக்குத் தெரியுமா தெரியாதா, எனக்குத் தெரியல. எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பால போட்டு அலமாரி மேல வச்சிருக்கார். "கடிதாசி என்ன கடிக்குமா?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். ரெண்டு நாள் சோறு திங்கல. அப்புறம் நான் ஏன் கேக்கப்போறேன்?

முந்தாநாள் வந்தத மட்டும் வாங்கின உடனே கிழிச்சுப் படிச்சார். படிச்சிட்டு அலமாரியவே பாத்துக்கிட்டு நின்னார். ஏன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, தூசி"ன்னார்.

என் வீட்டுக்காரர் எந்தத் திருட்டுக் கப்பலுக்கும் போகலடா. கொடி இறங்கினா மொத ஆளா ஓடுவார், அது ஒண்ணுதான் அவர் செஞ்ச தப்பு. நீ எழுதினா விட்டுடுவாங்களாமே. அண்ணனுக்காக வேணாம். எனக்காக எழுது.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதை வேறு கம்பெனிக் கப்பலில் போகும் சமையற்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இப்படி ஒரு வழி இத்தனை நாள் கிடைக்கவில்லை. சுகம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னித்துவிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றையும் பிரிக்கவில்லை என்றா எழுதினாய்?

அக்கா, அந்த டப்பாவில் தபால்தலை இல்லாத நீல உறை ஒன்று இருக்கும். தச்சு வேலைக்குக் காய்ச்சும் பசையால் ஒட்டியது. தச்சர் அதை அண்ணன் கையில் நேராகக் கொடுத்திருப்பார், சீட்டு கொடுத்த அதே நேரத்தில். ஆஸ்பத்திரிப் பட்டியல் முதல் எல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் இப்போது நகல் இல்லை. பிப்ரவரியில் பழைய காகிதங்களையெல்லாம் மேனேஜர் எரித்துவிட்டார்.

நீ பிரிக்காதே. அண்ணனே பிரிக்கட்டும். அவர் பிரித்திருப்பார் என்றுதான் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே கொடியை இறக்கிவிட்டு என்னைத் திட்டுகிறாரே என்று நான் அவர் மேல் கோபமாக இருந்தேன். இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

தம்பி


மே 20

தம்பிக்கு,

சுகம் கேட்கவில்லை. ஏப்ரலில் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை.

விசாரணை ஜூலை முதல் வாரம். ஏஜெண்ட் நேற்று என் ஆபீசுக்கே வந்து, கப்பலில் ஏறிப் பார்த்து முத்திரை குத்த வேண்டிய டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தான். டாக்டர் எப்போதும்போல மீன் பிடிக்கப் போயிருந்தார். அவர் முத்திரை எப்போதும்போல என் மேசையில் கிடந்தது.

"எழுத்தரே, உமக்கு என்ன வயசு?" என்றான்.

"நாற்பத்தெட்டு."

"இன்னும் புகை போட்டுக்கிட்டிருக்கீரே. உம்ம படிப்புக்கு இதா வேலை? தலைமை எழுத்தர் இடம் காலியாகுது. டாக்டர் கப்பல்ல ஏறிப் பாத்துட்டுத்தான் முத்திரை குத்தினார்னு விசாரணையில ஒரு வார்த்தை சொல்லும். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

இருபத்து நாலு வருஷ வேலையில் என் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதப்போவதில்லை. உனக்கு அதைத் தெரிந்துகொள்ள யோக்கியதை இல்லை.

நீ மட்டும் அன்று அந்த விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால் அங்கே உன் மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அண்ணன்


ஜூன் 2

அண்ணன் அவர்களுக்கு,

நேர்ல வந்து சொன்னா அடிச்சிடுவேனோன்னு பயந்து பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தனுப்பறேன். சுகமெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்.

தம்பி கடிதாசி வந்திருக்கு. உங்க உளி குத்தினதுதான், உறை மேல வேற யாரோ எழுதியிருந்ததால உங்களுக்குத் தெரியல. இதோட வச்சிருக்கேன், படிங்க. நீல உறைன்னு எழுதியிருக்கான். உங்க டப்பால மேலாக்க கிடக்கறத நானே பாத்திருக்கேன், தூசி தட்டும்போது.

ஜனவரியிலேர்ந்து அது அங்கயே கிடக்குதா அண்ணா? தலைக்கு மேல அத வச்சுக்கிட்டு நீங்க தூங்கினீங்களா? உங்க கோவத்துக்கு எம் புருஷன் ஏன் உள்ள கிடக்கணும்?

அத நான் தொடமாட்டேன். நீங்களே எடுங்க.

தங்கச்சி


ஜூன் 11

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலத்துக்கு என் விசாரிப்பு. துறைமுகச் சுகாதார ஆபீசில் எழுத்தராகப் பணிபுரியும் நான், படகுத் தலைவர் வழக்கில் கீழ்க்கண்டதைத் தெரிவிக்கிறேன்.

ஜனவரி ஆறாம் தேதி, வழக்கில் சொல்லப்படும் கப்பலின் சுகாதாரச் சீட்டைக் கப்பல் தச்சர் கப்பலின் சிறுபடகில் வந்து என்னிடம் கொடுத்தார். கூடவே நீல உறை ஒன்றையும் கொடுத்து, "இத மொதல்ல படிச்சிருங்க ஐயா, உங்க தம்பி ரெண்டு தடவ சொல்லி அனுப்பினார்" என்றார். சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நான் படிக்கவில்லை. எனக்கும் என் தம்பிக்கும் பேச்சில்லை. சீட்டில் நானே முத்திரை குத்தினேன். டாக்டர் கப்பலில் ஏறவில்லை. அன்று அவர் ஆபீசிலேயே இல்லை. கொடி இறங்கிய பிறகே என் தங்கையின் கணவர் படகை எடுத்தார்.

அந்த உறையை இத்துடன் தருகிறேன். இன்றுவரை பிரிக்கவில்லை. இதைப் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்று கம்பெனி சொல்லும். தயவுசெய்து உறையின் நான்கு பக்கத்தையும் பாருங்கள். உளித் துளை இல்லை. முகர்ந்து பாருங்கள், கந்தகம் இல்லை. ஜனவரி ஒன்பதுக்குப் பிறகு கடல் வழியாக இந்த ஊருக்குள் வந்த எந்தக் காகிதமும் என் உளிக்கும் புகைக்கும் தப்பியதில்லை. இரண்டும் இல்லாததால் இது நோய் வெளிப்படுவதற்கு முன்பே கரைக்கு வந்தது. பசை தச்சருடையது. தச்சர் ஒன்பதாம் தேதி இறந்தார்.

சாட்சிகள் முன்னிலையில் தாங்களே பிரிக்கும்படி வேண்டுகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று பேர் இறந்தது அது எனக்குத் தெரியாததால்தான் என்பது மட்டும் தெரியும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
சுகாதார ஆபீஸ் எழுத்தர்


ஜூலை 20

தம்பிக்கு,

நீ சுகமா? இந்தத் தடவை கேட்பதற்காகவே கேட்கிறேன்.

மாப்பிள்ளையைப் பன்னிரண்டாம் தேதி விட்டுவிட்டார்கள். வாசலுக்கு வந்ததும் என்னைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்தார். "எந்தக் கப்பல் வந்திருக்கு?" என்றார். அவ்வளவுதான் பேசினார். தங்கச்சி அதுகூடப் பேசவில்லை.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடிதத்தைப் படிக்காததற்கு அல்ல. அதற்குச் சட்டம் இல்லையாம். டாக்டரின் முத்திரையை அனுமதியில்லாமல் எடுத்தேனாம். பதினோரு வருஷமாக அவரே என் மேசையில் விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன முத்திரை அது. டாக்டர் இன்னும் மீன் பிடிக்கிறார். ஏஜெண்ட் இன்னும் நாற்காலியில் உட்கார்கிறான். உன் பெயரை விசாரணைச் சபையில் உரக்கப் படித்தார்கள். இந்நேரம் உன் வேலையும் போயிருக்கும். நான் உனக்காக வருத்தப்படவில்லை. மேனேஜர் தோளில் கை வைத்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்? பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். நான் இதை மன்னிக்கவில்லை. விண்ணப்பத்தையும் மன்னிக்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. மார்ச்சில் நீ தச்சரை விசாரித்து எழுதியதைப் படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அலமாரியைப் பார்த்தேன். கை நீட்டினால் எட்டும் உயரம்தான். நீட்டவில்லை. உட்கார்ந்து உன்னைத் திட்டி எழுதினேன். மே மாதம் மறுபடி திட்டி எழுதினேன். திட்டிக்கொண்டிருக்கும்வரை அந்த டப்பாவைத் திறக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதத்தையும் மாப்பிள்ளை எனக்காக உள்ளே இருந்து கழித்தார். ஏஜெண்டிடம் அன்று என்ன சொன்னேன் என்று உனக்கு எழுதவில்லை அல்லவா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மற்றப் பதினான்கையும் இப்போது பிரித்தேன். நான்காவதிலேயே விண்ணப்ப விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. மன்னிப்பேனா என்று அன்று படித்திருந்தால் யோசித்திருப்பேன்.

உங்கள் கப்பல் நேற்று மறுபடி வந்தது. புதுச் சாயம், புதுப் பெயர். என் மேசையில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். அரை மணியில் கொடி இறங்கியது. தெருவே ஓடியது. நான் படித்துறையில் நின்று, "நில்லுங்கய்யா, ஏறிப் பாத்தாங்களான்னு கேளுங்க!" என்று கத்தினேன். தண்ணீர்ப் படகுக்காரன் துடுப்பை நிறுத்தாமல் சொன்னான்: "அத நீங்க ஜனவரியில கத்தியிருக்கணும் சார்."

சபையில் படித்த உன் நீல உறைக் கடிதத்தை அங்குள்ள எழுத்தர் நகலெடுத்துக் கொடுத்தார். உன்னிடம் நகல் இல்லை என்றாய் அல்லவா, இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


(நகல்)

டிசம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதவே இந்தக் கடிதம்.

இந்தக் கப்பலோடு வரும் சுகாதாரச் சீட்டில் என் கையெழுத்து இருக்கும். அது பொய். மூன்று மாலுமிகளுக்குக் காய்ச்சல். இரண்டு பேரை ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து சரக்கறையில் படுக்கவைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்து எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கப்பல் ஒரு நாள் நின்றால்கூட நஷ்டம் என்று மேனேஜர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். போட்டுவிட்டேன். நான் கோழை. உங்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

உறையின் மேல் எதுவும் எழுத முடியாது, பார்த்துவிடுவார்கள். தச்சரிடம் சொல்லி அனுப்புகிறேன்.

டாக்டரை ஏற்றிச் சரக்கறையைப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தானை எப்படியாவது நிறுத்தி வையுங்கள், அவர் முதல் ஆளாக ஓடுவார். ஏழு வருஷமாக என்னை நீங்கள் நம்பவில்லை. அன்றும் நம்பாதீர்கள். என் எழுத்தைப் பார்த்துக் கொடியை இறக்கிவிடாதீர்கள்.

பதினான்கு கடிதத்துக்குப் பதில் இல்லை. அதனால் என்ன? பதில்தான் போட மாட்டீர்கள். படிக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தம்பி